தலையில் அடிபட்ட பிள்ளை மீண்டும் எப்போது ஆடலாம்?
கால்பந்து ஆடும் மாணவர்களின் மூளை அதிர்வு குறித்துப் பெற்றோர் அறிய வேண்டியவை

சனிக்கிழமை மாலை. பள்ளி மைதானத்தில் ஆட்டம் முடியும் தறுவாயில் உள்ளது. உயரமாக வந்த பந்தைத் தலையால் முட்டுவதற்கு இரு மாணவர்கள் ஒரே நேரத்தில் துள்ளுகின்றனர். தலையோடு தலை மோதுகிறது. ஒருவன் கீழே விழுந்து, சற்று நேரம் கழித்து எழுந்து, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு மீண்டும் ஆடுகிறான். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. ஞாயிறு முழுவதும் படுத்தே கிடக்கிறான். திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தால் தலை வலிக்கிறது என்கிறான். செவ்வாய்க்கிழமை தாயார் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வருகிறார். “மயக்கம் போடலைங்க, ரத்தமும் வரலைங்க, வீக்கம்கூட இல்லை. வர்ற வாரம் மாவட்டப் போட்டி இருக்குதுங்க. ஆடலாங்களா?” என்று கேட்கிறார்.

இது ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் வரலாறு அன்று. எங்களிடம் வரும் பல பிள்ளைகளின் அனுபவத்தைச் சேர்த்துச் சொன்னோம். அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கான விடையே இக்கட்டுரை. கால்பந்தை முன்வைத்து எழுதினாலும், நம் மாவட்டத்துப் பிள்ளைகள் மிகுதியாக ஆடும் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும், சைக்கிளிலிருந்து விழும் பிள்ளைகளுக்கும் இதில் கூறப்படுபவை பொருந்தும்.

மூளை அதிர்வு என்றால் என்ன?

மூளை மிக மென்மையான உறுப்பு. மண்டை ஓட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்தவாறு அது அமைந்துள்ளது. தலை திடீரெனக் குலுங்கும்போது மூளையும் உள்ளே குலுங்குகிறது. அதன் நரம்பிழைகள் நொடிப்பொழுதில் இழுபட்டு முறுக்கப்படுகின்றன. இதனால் நரம்பணுக்களின் உள்ளும் புறமும் இருக்க வேண்டிய உப்புகளின் சமநிலை குலைகிறது. அதைச் சீர்செய்ய மூளைக்கு வழக்கத்தைவிட அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. ஆனால் அந்நேரத்தில் மூளைக்குச் செல்லும் ரத்த ஓட்டமோ குறைந்திருக்கக்கூடும். தேவைக்கும் வரவுக்கும் இடையிலான இந்தப் பற்றாக்குறையே தலைவலி, தலைசுற்றல், மந்தம், மறதி ஆகியவற்றுக்கு அடிப்படை. இந்நிலையே மூளை அதிர்வு. மருத்துவர்கள் இதைக் ‘கன்கஷன்’ என்பர்.

இதிலிருந்து மூன்று உண்மைகள் புலப்படும். முதலாவது, தலையில் நேரடியாக அடிபட வேண்டும் என்பதில்லை. மார்பிலோ தோளிலோ பலமாக மோதி, தலை வெடுக்கெனத் திரும்பினாலும் மூளை அதிர்வு ஏற்படலாம். இரண்டாவது, மயக்கம் வர வேண்டும் என்பதில்லை. விளையாட்டில் மூளை அதிர்வுக்கு உள்ளாவோரில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே நினைவிழக்கின்றனர். மூன்றாவது, சி.டி. ஸ்கேனில் இது தெரியாது. ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் ஸ்கேன் காட்டும். அணுக்களின் ஆற்றல் குறைபாட்டைக் காட்டாது. எனவே “ஸ்கேன் நன்றாக இருக்கிறது” என்பதற்கு “உடனே ஆடலாம்” என்று பொருள் கொள்ளலாகாது.

உலகம் பார்த்த மூன்று நிகழ்வுகள்

2014 ஜூலை 13 அன்று, பிரேசிலின் மரக்கானா அரங்கில் ஜெர்மனிக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம் நடைபெற்றது. ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமரின் முகத்தில் எதிரணி வீரரின் தோள் பலமாக மோதியது. கிராமர் எழுந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். சிறிது நேரம் கழித்து நடுவரிடம் சென்று, “இது இறுதியாட்டந்தானா?” என்று கேட்டார். நடுவர் அதைச் சக வீரர்களிடம் தெரிவித்தார். அடிபட்டு ஏறத்தாழ கால்மணி நேரம் ஆடிய பின்னரே அவர் வெளியே அழைக்கப்பட்டார். கோடிக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்திலேயே ஒருவர் தாம் எந்த ஆட்டத்தில் இருக்கிறோம் என்பதை அறியாமல் ஓடிக்கொண்டிருந்தார். ஓடுகிறான், பந்தை உதைக்கிறான் என்பதால் மட்டும் ஒரு பிள்ளை நலமாக உள்ளான் என முடிவு செய்ய இயலாது.

2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில் நடந்த இருபது ஓவர் ஆட்டத்தில், மிட்செல் ஸ்டார்க் வீசிய பந்து ரவீந்திர ஜடேஜாவின் ஹெல்மெட்டைத் தாக்கியது. இறுதி ஓவரில் அடிபட்ட அவர் எஞ்சிய பந்துகளையும் ஆடி முடித்தார். இடைவேளையில் பரிசோதித்த பின், அவருக்குப் பதிலாக யுஸ்வேந்திர சஹல் களமிறக்கப்பட்டார். அடிபட்டவுடன் ஆடியவருக்குப் பின்னர் எதற்கு மாற்று ஆட்டக்காரர் என்று பலர் அன்று வினவினர். மூளை அதிர்வின் அறிகுறிகள் சில நிமிடங்கள் கழித்தும், சில மணி நேரம் கழித்தும் தோன்றக்கூடும் என்பதே அதற்கு விடை.

மூன்றாவது நிகழ்வு துயரமானது. 1998 பிப்ரவரியில் டாக்காவில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தில், மட்டையாளருக்கு மிக அருகில் ஹெல்மெட் இன்றி நின்றிருந்த இந்திய வீரர் ரமன் லாம்பாவின் நெற்றிப்பொட்டுப் பகுதியில் பந்து தாக்கியது. அவர் எழுந்து தாமே நடந்து வெளியேறினார். பின்னர் நினைவிழந்தார், மூன்று நாள்களில், தம் 38-ஆம் வயதில் காலமானார். அவருக்கு நேர்ந்தது வெறும் மூளை அதிர்வு அன்று. மூளையில் ஏற்பட்ட ரத்தக் கசிவு. தலையில் அடிபட்டவர் முதலில் தெளிவாகப் பேசி, நடந்து, பிறகு திடீரென மோசமடையலாம். முதல் சில மணி நேரம் பிள்ளையைத் தனியே விடலாகாது என்று நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

அறிகுறிகளை அறிவது எப்படி?

பிறர் கண்ணுக்குப் புலப்படுபவை சில உண்டு. விழுந்தபின் சிறிது நேரம் அசையாமல் கிடத்தல், எழும்போது தள்ளாடுதல், வெறித்த பார்வை, கேட்ட கேள்விக்குத் தாமதமாக விடையளித்தல், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டல், தான் நிற்க வேண்டிய இடத்தை மறத்தல் ஆகியவை அவை.

பிள்ளை உணர்பவை வேறு சில. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், பார்வை மங்கல், வெளிச்சத்தையும் இரைச்சலையும் தாங்க இயலாமை, ‘தலைக்குள் பனி மூட்டம் போல’ இருத்தல், கவனம் சிதறுதல், காரணமற்ற எரிச்சல் அல்லது அழுகை, மிகுந்த தூக்கம் அல்லது தூக்கமின்மை. இவற்றுள் ஒன்று இருந்தாலும் மூளை அதிர்வு என ஐயுற வேண்டும்.

மைதானத்தில் உடற்கல்வி ஆசிரியர் எளிய கேள்விகளைக் கேட்கலாம். நாம் இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? இது முதற்பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாக கோல் அடித்தது யார்? சென்ற ஆட்டத்தில் யாருடன் ஆடினோம்? அதில் வென்றோமா? ஒரு விடை தவறினாலும் பிள்ளையை வெளியே அமர்த்த வேண்டும். எல்லா விடைகளும் சரியாக இருந்து, அறிகுறி ஏதேனும் இருந்தாலும் வெளியே அமர்த்த வேண்டும். நினைவில் கொள்ள ஒரு தொடர் போதும்: ஐயம் எழுந்தால் அன்று ஆட்டம் இல்லை.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய நிலைகள்

• சிறிது நேரமாயினும் நினைவிழத்தல்
• ஒரு தடவைக்கு மேல் வாந்தி
• நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகும் தலைவலி
• வலிப்பு
• எழுப்பினாலும் எழ முடியாத அளவுக்குத் தூக்கக் கலக்கம்
• குழப்பம் அதிகரித்தல், ஆட்களை அடையாளம் காணாமை, கட்டுக்கடங்காத பதற்றம்
• இரட்டைப் பார்வை, கண்ணின் பாவைகள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருத்தல்
• கை கால் தளர்ச்சி அல்லது மரத்துப்போதல், பேச்சுக் குளறல்
• கழுத்தில் கடும் வலி
• மூக்கு அல்லது காது வழியே ரத்தமோ தெளிந்த நீரோ வடிதல்

ஊர்தி வரும்வரை பிள்ளையைத் தூக்கி நிறுத்தவோ, உட்கார வைக்கவோ முயல வேண்டா. கழுத்து அசையாதபடி தலையை இரு கைகளாலும் தாங்கிப் பிடித்துக்கொள்க. வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒருசேரத் திரும்புமாறு இருவர் மூவர் சேர்ந்து பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர், சோடா எதையும் ஊற்றலாகாது. மூச்சுக்குழாயில் இறங்கி உயிருக்கு ஆபத்தாகும். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. இரு சக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்து அழைத்து வருவதும் தவறு. கழுத்தெலும்பில் காயம் இருந்தால் அது பெருங்கேடாக முடியும்.

முதல் இரண்டு நாள்கள்

மேற்கண்ட ஆபத்து அறிகுறிகள் இல்லாத பிள்ளையையும் அன்றே மருத்துவரிடம் காட்டுவது நன்று. எல்லாருக்கும் ஸ்கேன் தேவையில்லை. சி.டி. ஸ்கேன் கதிரியக்கம் கொண்டது. வளரும் பிள்ளைகளுக்கு அதைத் தேவையின்றி எடுத்தல் கூடாது. அடிபட்ட விதம், நினைவு நிலை, வாந்தி, தலைவலியின் தன்மை ஆகியவற்றைக் கொண்டே நாங்கள் முடிவெடுக்கிறோம். சில பிள்ளைகளை ஸ்கேன் எடுக்காமல் சில மணி நேரம் கண்காணித்து அனுப்புவோம். அது அலட்சியம் அன்று. அதுவும் ஒரு சிகிச்சை முறையே.

வீடு திரும்பிய பின் முதல் 24 மணி நேரம் பொறுப்புள்ள ஒருவர் உடனிருக்க வேண்டும். வத்தல்மலை, சித்தேரி போன்ற மலையூர்களிலிருந்து வருவோர் இயன்றால் அன்றிரவு கீழே உறவினர் வீட்டில் தங்குவது நன்று. நள்ளிரவில் நிலை மோசமானால் மலையிறங்கும் நேரம் வீணாகாது.

“தூங்கவிடலாகாது” என்பது பரவலான நம்பிக்கை. மருத்துவர் பரிசோதித்து ஆபத்து இல்லை என்று சொன்னபின் பிள்ளை தாராளமாகத் தூங்கலாம். மூளை குணமடையத் தூக்கம் இன்றியமையாதது. இரவில் ஓரிரு முறை தொட்டு எழுப்பி, பெயர் சொல்லி, இயல்பாக விடையளிக்கிறானா என்று பார்த்தால் போதும்.

தலைவலிக்கு எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் தரலாம். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை மருத்துவர் சொல்லாமல் தர வேண்டா. ரத்தக் கசிவு இருந்தால் அது அதிகமாகக்கூடும். தலையிலும் கழுத்திலும் எண்ணெய் தேய்த்து நீவுதல், சுளுக்கெடுத்தல் ஆகியவற்றையும் தவிர்க்க. பிள்ளை பயந்திருக்கிறான் என்று திருநீறு பூசுவதை நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் அதற்காக மருத்துவமனைக்கு வருவதைத் தாமதிக்க வேண்டா என்பதே எங்கள் வேண்டுகோள்.

முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்கு ஓய்வு தேவை. இருட்டறையில் அசையாமல் கிடப்பது ஓய்வு ஆகாது. வீட்டுக்குள் நடமாடலாம், குளிக்கலாம், மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கலாம். கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் இயன்றவரை ஒதுக்கி வைக்க வேண்டும். முன்பெல்லாம் முற்றிலும் குணமாகும்வரை படுக்கையிலேயே இருக்குமாறு மருத்துவர்கள் கூறினர். நீண்ட முழு ஓய்வு குணமாவதைத் தாமதப்படுத்துகிறது என்பதை இன்று அறிவோம். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பன்னாட்டு வல்லுநர் மாநாடும், இரண்டு நாள்களுக்குள் மெதுநடை போன்ற லேசான இயக்கத்தைத் தொடங்குவதையே பரிந்துரைத்தது.

முதலில் பள்ளி, பிறகே மைதானம்

பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரங்களுக்குள் முழுமையாகத் தேறிவிடுகின்றனர். இக்காலத்தில் கவனச் சிதறல், மறதி, எரிச்சல் ஆகியவை இருக்கக்கூடும். வெளிக்காயம் எதுவும் இல்லாததால் “சாக்குச் சொல்கிறான்” என்று வீட்டிலும் வகுப்பிலும் கடிந்துகொள்கின்றனர். அது பிள்ளையை மேலும் வாட்டும். முதலில் வீட்டில் கால்மணி நேரம் படிக்கட்டும், பிறகு அரைநாள் பள்ளி, பிறகு முழுநாள். இடையிடையே ஓய்வு, எழுத்துத் தேர்வுக்குக் கூடுதல் நேரம், இரைச்சல் குறைந்த இருக்கை ஆகியவற்றைப் பள்ளியிடம் கேட்டுப் பெறலாம். தேவைப்படுவோர்க்கு நாங்கள் கடிதம் தருகிறோம்.

ஆட்டத்துக்குத் திரும்புவது ஆறு படிகளில் அமைகிறது. 1. தலைவலியைக் கூட்டாத அன்றாட வேலைகள். 2. நடை, மெதுவோட்டம். 3. தனியே பந்தை உருட்டி ஓடும் பயிற்சி. தலையால் முட்டுதல் கூடாது. 4. மோதல் இல்லாத அணிப் பயிற்சி. 5. மருத்துவர் ஒப்புதலுக்குப் பின் முழுப் பயிற்சி. 6. போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் தேவை. முதல் மூன்று படிகளில் அறிகுறி சற்றே கூடி விரைவில் தணிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. தணியாவிட்டால் அன்று நிறுத்தி, மறுநாள் முயல வேண்டும். நான்காம் படிக்குச் செல்ல, ஓய்விலும் ஓட்டத்திலும் எந்த அறிகுறியும் இருத்தல் கூடாது.

2023-இல் பிரிட்டன் வெளியிட்ட பொதுமக்கள் விளையாட்டுக்கான வழிகாட்டுதல், ஓய்வில் அறிகுறி இன்றி 14 நாள்கள் கழிந்த பின்னரே மோதல் உள்ள பயிற்சி என்றும், அடிபட்டு 21 நாள்கள் கழியும் முன் போட்டி இல்லை என்றும் வகுத்துள்ளது. ஒவ்வொரு மைதானத்திலும் மருத்துவர் இல்லாத நம் சூழலுக்கு இது பொருத்தமானது. நாங்களும் இதையே பின்பற்றுகிறோம்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு?

குணமாகாத மூளை மீண்டும் அடிபட்டால், சிறு அடியாயினும் அறிகுறிகள் பன்மடங்கு நீளும். மிக அரிதாக, மூளை திடீரென வீங்கி உயிரிழப்பும் நேரிடலாம். இது பெரும்பாலும் வளரிளம் பருவத்தினரிடமே காணப்பட்டுள்ளது.

கனடாவின் ஒட்டாவா நகரில் 2013 மே மாதம், 17 வயது ரக்பி வீராங்கனை ரோவன் ஸ்டிரிங்கர் இவ்வாறு உயிரிழந்தார். சில நாள்களுக்குள் நடந்த ஆட்டங்களில் அவர் மீண்டும் மீண்டும் அடிபட்டிருந்தார். தமக்கு மூளை அதிர்வு இருக்கக்கூடும் என்று தோழியருக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பியிருந்தார். பெற்றோருக்கோ பயிற்சியாளருக்கோ அது தெரியாது. அவர் பெயரால் ஒன்டாரியோ மாகாணம் 2018-இல் ஒரு சட்டம் இயற்றியது. மூளை அதிர்வு என ஐயம் எழுந்த வீரரை உடனே ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம்.

பிள்ளைகள் ஏன் மறைக்கின்றனர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அணியிலிருந்து நீக்கிவிடுவர் என்ற அச்சம். இனி ஆடவே விடமாட்டார்கள் என்ற கவலை. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. “ஆடப் போனால் இப்படித்தான்” என்று நாம் ஏசினால் அடுத்த தடவை அவன் சொல்லவே மாட்டான். உண்மையைச் சொன்ன பிள்ளையைப் பாராட்டுங்கள். தோழனுக்கு அடிபட்டதைப் பார்த்தால் ஆசிரியரிடம் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது என்றும் கற்றுக்கொடுங்கள்.

தலையால் முட்டுவது பற்றி

பந்தைத் தலையால் முட்டுவது தீங்கா என்று பெற்றோர் கேட்கின்றனர். ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான கிளாஸ்கோ ஆய்வு, மூளைத் தேய்வு நோய்களால் அவர்கள் இறப்பது பொதுமக்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு அதிகம் என்று காட்டியது. அவர்கள் பல்லாண்டுகள் தொழிலாகவே ஆடியவர்கள்; அந்த எண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்தலாகாது. எனினும் முன்னெச்சரிக்கையாக அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2015-இல் 10 வயது வரையுள்ளோர் தலையால் முட்டுவதைத் தடை செய்தது. ஸ்காட்லாந்து 2020-இல் 12 வயதுக்குட்பட்டோரின் பயிற்சியில் அதை விலக்கியது. சிறு பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்க அவசரம் வேண்டா என்பதே எங்கள் கருத்து.

தலைக்கவசம் மண்டை ஓட்டு முறிவைத் தடுக்கும்; உள்ளே மூளை குலுங்குவதை முற்றிலும் தடுக்காது. கோடையில் நம் மைதானங்கள் கல்லாக இறுகிவிடுகின்றன. ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளித்தல், கற்களைப் பொறுக்குதல், கோல் கம்பத்தைச் சுற்றிப் பஞ்சுமெத்தை கட்டுதல் போன்ற எளிய செயல்களாலும் பல காயங்களைத் தவிர்க்கலாம்.

அந்தத் தாயாருக்கு நாங்கள் சொன்ன விடை

“வர்ற வாரப் போட்டி வேண்டாம்மா. மூணு வாரம் பொறுத்தால், அவன் இன்னும் பல வருஷம் ஆடுவான்.” பிள்ளையின் முகம் வாடியது இயல்பே. அவனிடமும் தனியே பேசினோம்; கால் முறிந்திருந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு காத்திருப்பாய் அல்லவா, இது கட்டுப் போட இயலாத காயம், அவ்வளவே என்றோம். பள்ளிக்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தோம்.

உங்கள் பிள்ளைக்கு இவ்வாறு நேர்ந்தால், அடிபட்ட நாளையும் நேரத்தையும், எப்படி அடிபட்டது, அதன்பின் என்ன நடந்தது என்பதையும் ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள். நேரில் பார்த்த நண்பனையோ ஆசிரியரையோ உடன் அழைத்து வந்தால் மேலும் நலம். முன்பு எப்போதேனும் தலையில் அடிபட்டிருந்தால் அதையும் மறவாமல் சொல்லுங்கள். எங்கள் பரிசோதனையில் பாதி அந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.